எங்கள் வீட்டு நம்பரில் மூன்று பேர்

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களிடம் பெயரைக் கேட்பதற்கு முன் டோக்கன் நம்பரைக் கேட்பார்கள். பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பாவின் நம்பர் அது. தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வேண்டுமென்றாலும், வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று புகார் கொடுக்க வேண்டுமென்றாலும் அந்த நம்பரைத்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே அதை நான் தப்பில்லாமல் ஒப்பிப்பேன் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். கல்யாணமான பிறகு கணவரின் டோக்கன் நம்பரை மனப்பாடம் செய்தேன். அவருக்கும் அதே தொழிற்சாலைதான். இதிலெல்லாம் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர் என்பதுதான் நாங்கள் அறிந்த உலகம்.

அம்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். தலைமை லேப் அம்பத்தூரில் இருக்கிறது. ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி, நசரத்பேட்டை ஆகிய இடங்களில் ரத்தம் எடுத்து அனுப்பும் சின்னக் கிளைகள் உண்டு. கவுன்டரில் பில் போடுகிறவளாகத்தான் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் எல்லாக் கிளைகளிலிருந்தும் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட, சில வருடங்களில் கவுன்டரிலிருந்து எழுந்து உள்ளே ஒரு மேஜைக்கு வந்துவிட்டேன். எனக்கு ‘சிஸ்டம் அக்கா’ என்று பெயர் விழுந்தது. மாதாந்திரக் கணக்குகளை எடுத்துத் தருவது என் வேலை. பழைய சாஃப்ட்வேர்காரர் எழுதி வைத்துவிட்டுப் போன எஸ்.க்யூ.எல். வரிகளில், அதாவது சேமித்த பதிவுகளிலிருந்து கணக்கைக் கேட்டு வாங்கும் கட்டளைகளில், தேதியை மட்டும் மாற்றிப் போடுவேன். அந்த வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை.

எங்கள் சாஃப்ட்வேரில் ஆள் என்றால் போன் நம்பர்தான். கவுன்டரில் நம்பரைத் தட்டினால் பழைய பதிவு வந்து நிற்கும். பில் போடுகிறவர் அன்றைய பில்லில் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பதை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் மாமியார், மருமகள், பிள்ளைகள் என எல்லோரும் வீட்டு ஆம்பளையின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். தங்களிடம் தனியாக போன் இருந்தாலும் அப்படித்தான். டோக்கன் நம்பர் சொல்லிப் பழகிய வாய் அது. ரிப்போர்ட்டும் அந்த நம்பரின் வாட்ஸ்அப்புக்கே போகும். ரிப்போர்ட்டில் இன்றைய அளவுக்குப் பக்கத்தில் ‘முந்தையது’ என்று ஒரு கட்டம் உண்டு. அந்த நம்பரில் கடைசியாக யாருக்கு அந்தப் பரிசோதனை நடந்ததோ அவருடைய அளவு அதில் அச்சாகும். மருமகளின் ரிப்போர்ட்டில் மாமனாரின் சர்க்கரை வந்து உட்கார்ந்திருக்கும். லேபில் நாங்கள் யாரும் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. சுற்றுவட்டார டாக்டர்களும் பார்க்காமலிருக்கப் பழகிவிட்டார்கள்.

லேபின் உரிமையாளர் ஒரு பெண் டாக்டர். நோயியல் படித்தவர். பேச்சு சுருக்கமாக இருக்கும். ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“இந்த சாஃப்ட்வேரைத் தூக்கிட்டுப் புதுசு பண்ணப் போறோம். எழுதறதுக்கு ஒரு கம்பெனி இருக்கு. ஆனா என்னென்ன டேபிள் வேணும், எது எதோட சேரணும்னு நம்ம பக்கத்துலேர்ந்து ஒருத்தர் சொல்லணும். நீங்க கத்துக்கிட்டு வந்தா நீங்க. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஒரு ஆள் எடுத்துக்கறேன்.” பேப்பரைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்: “நசரத்பேட்டை கவுன்டருக்கும் ஆள் கேக்கறாங்க.”

கடைசி வாக்கியத்தை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு தகவல். எனக்கு அப்படி இல்லை. கவுன்டர் ஒன்றும் கேவலமான வேலை இல்லைதான்; ஆனால் நான் அங்கிருந்து எழுந்து வந்தவள். திரும்பப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து ‘வெறும் வயித்துல வந்தீங்களா’ என்று மறுபடி கேட்க நான் தயாராக இல்லை. எப்படியாவது படித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கே படிப்பது என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கத்தில் யாரும் நேராகப் போய் ஒரு பயிற்சியில் சேர்வதில்லை. முதலில் டெமோ கிளாஸுக்குப் போவார்கள். அது இலவசம். ஒன்றில் உட்கார்ந்துவிட்டு, ‘வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்’ என்று எழுந்து அடுத்த டெமோவுக்குப் போவார்கள். டெமோக்களிலேயே ஒரு பாடத்தை முடித்துவிட்டவர்களைப் பற்றிக்கூடக் கேள்விப்பட்டிருக்கிறேன். அம்பத்தூரில் கீழே மருந்துக்கடை, நடுவில் பல் டாக்டர் இருக்கிற கட்டடம் என்றால் மேல் மாடியில் நிச்சயம் ஒரு பயிற்சி நிலையம் இருக்கும். அப்படி ஒன்றில்தான் ஆரம்பித்தேன்.

வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்து, “மேடம், பையனுக்கா, பொண்ணுக்கா?” என்று கேட்டாள்.

“எனக்கு.”

அவள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் படிவத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள். பயிற்சியாளர் டை கட்டியிருந்தார். மாணவர் பட்டியல் என்று ஒரு டேபிள் போட்டார், மதிப்பெண் என்று இன்னொன்று போட்டார், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஜாயின் செய்து காட்டினார். அதிக மதிப்பெண் வாங்கிய மாணவர் திரையில் வந்ததும் பிள்ளைகள் தலையாட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன்.

“சார், ஒரே போன் நம்பரை வீட்ல நாலு பேர் கொடுக்கறாங்க. எப்படிப் பிரிக்கறது?”

“மொபைல் நம்பரை ப்ரைமரி கீயா வெச்சுடுங்க மேடம். ப்ரைமரி கீன்னா ஒருத்தரை இன்னொருத்தர்கிட்டேர்ந்து பிரிச்சுக் காட்டற அடையாளம். ஒருத்தருக்கு ஒரு நம்பர்தானே?”

“ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர் சார்.”

“அது அட்வான்ஸ்டு மாட்யூல்ல வரும்,” என்று அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அதைத்தான் எங்கள் பழைய சாஃப்ட்வேர்காரரும் செய்திருந்தார். அதைக் கற்றுக்கொள்ள நான் மாடி ஏறி வந்திருக்க வேண்டியதில்லை.

பூந்தமல்லி பேருந்து நிலையம் பக்கத்தில் இருந்த இன்னொரு பயிற்சி நிலையத்துக்குக் கணவரின் வற்புறுத்தலில் போனேன். அவருடன் வேலை பார்ப்பவரின் மகள் அங்கே படித்து, தங்க நிற முத்திரை வைத்த சான்றிதழோடு வந்தாளாம். அங்கேயும் அதே மாணவர்கள், அதே மதிப்பெண்கள். என் கேள்விக்கு அங்கிருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆதார் நம்பரைக் கட்டாயமாக்கிடுங்க,” என்றார். விடிந்தும் விடியாமலும் பசியோடு, ஒரு கையில் சிறுநீர் பாட்டிலும் இன்னொரு கையில் குழந்தையுமாக வருகிறவளிடம் ஆதாரைக் கேட்கச் சொல்கிறார். அவரை ஒரே ஒரு காலை எங்கள் ஆவடி கவுன்டரில் உட்கார வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது.

இடையில் இணையத்தில் ஒரு வீடியோ வகுப்பையும் பார்த்தேன். அருமையான ஆங்கிலம். பீட்ஸா கடை ஒன்றை வைத்துப் பாடம் நடந்தது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு போன், ஒரு மின்னஞ்சல், ஒரு குடும்பப் பெயர் இருந்தன. யாரும் யாருடைய நம்பரிலும் பீட்ஸா வாங்கவில்லை. அந்த ஊரில் அது நடக்கும் போலிருக்கிறது. பொய் சொல்லக் கூடாது, ஜாயின் எழுதுவது எனக்கு ஓரளவு பிடிபட்டது அதில்தான். ஆனால் கேள்வி கேட்டால் அந்த வாத்தியார் காதில் விழாது. பாதியில் விட்டுவிட்டேன்.

நாங்கள் இப்போது குவார்ட்டர்ஸில் இல்லை. பருத்திப்பட்டு ஏரி பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இட்லி மாவு விளம்பரத்துக்கும், வண்டியை வழியில் நிறுத்தியவருக்கான திட்டுக்கும் நடுவில் ஒரு நாள் இந்தச் செய்தி வந்தது: ‘டேட்டாபேஸ் வடிவமைப்பு, எஸ்.க்யூ.எல். சனி, ஞாயிறு மட்டும். சி பிளாக், மூன்றாவது மாடி. சான்றிதழ் கிடையாது. வேலைக்கு உத்தரவாதம் கிடையாது.’ இப்படி எழுதினால் யார் வருவார்கள் என்று சிரிப்பு வந்தது. அந்த வாரமே போனேன்.

வகுப்பு எடுத்தவள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள். பெரிய ஐ.டி. கம்பெனியில் இருந்துவிட்டு, இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வேலையை விட்டவள். எங்கள் இரண்டு பேருக்கும் வயதைப் பற்றிக் குழப்பம் இருந்ததால் நான் அவளை மேடம் என்றேன், அவள் என்னை அக்கா என்றாள். சி பிளாக்கில் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கியபடி, வழக்கமான என் கேள்வியைக் கேட்டேன். அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

“ஏனுங்கக்கா, உங்க லேப்ல ஆளுன்னா யாருங்க? பில்லு கட்டறவரா, ரத்தம் குடுக்கறவரா, ரிப்போர்ட்டை வாங்கிப் பாக்கறவரா?”

“மூணும் ஒருத்தர்தானே?”

“ஒருத்தர்தானுங்களா?”

இவளிடம்தான் படிக்க வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். மற்ற இடங்களில் என் கேள்விக்குப் பதில் கொடுத்து அனுப்பினார்கள். இவள்தான் கேள்வியில் தப்பு இருப்பதாகக் காட்டினாள்.

வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. என் கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் எதற்கும் ஒரு முத்திரை வேண்டும் அவருக்கு.

“சர்டிபிகேட் இல்லாத கோர்ஸா? நாளைக்கு டாக்டர் கேட்டா என்னத்தக் காட்டுவே?”

“கத்துக்கிட்டதைக் காட்டுவேன்.”

“அதை எப்படிம்மா ஃபைல்ல வெப்பாங்க?”

நியாயமான கேள்விதான். ஆனாலும் சி பிளாக்கிலேயே சேர்ந்தேன். கொஞ்ச நாள் அவர் அந்த வகுப்பை ‘உன் டியூஷன்’ என்று கிண்டல் செய்தார். ஞாயிறுகளில் மாமியாருக்குக் காலைச் சாப்பாட்டை அவரே எடுத்து வைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. வேளை தப்பக் கூடாது.

அவள் நல்ல வாத்தியார் என்று சொல்ல மாட்டேன். பொறுமை கிடையாது. பாடம் நடத்தும்போதே போனில் பால்காரரோடு சண்டை போடுவாள். ஒரு முறை குவெரியை, அதாவது கம்ப்யூட்டரிடம் கேட்கும் கேள்வியை, தப்பாக எழுதிவிட்டு, என் கம்ப்யூட்டர்தான் தப்பு என்று சாதித்தாள். முதல் சில வாரங்கள் என்னைக் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போடச் சொன்னாள். ஆள் ஒரு கட்டம். நம்பர் ஒரு கட்டம். இந்த நம்பர் இந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்பது நடுவில் தனிக் கட்டம்: சொந்த நம்பரா, கணவருடையதா, மகனுடையதா, ரிப்போர்ட்டை அதற்கு அனுப்பலாமா கூடாதா. அந்த நடுக் கட்டத்தைப் போட்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும். ஒரு கட்டம் போட்டதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா?

பிறகு எஸ்.க்யூ.எல். வந்தது. பயிற்சிக்கு லேபின் பதிவுகளிலிருந்து கொஞ்சம் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். கிட்டத்தட்டக் கத்தினாள்.

“அக்கா, ஊருல இருக்கறவங்க ரத்தத்தையெல்லாம் எங்கூட்டுக்குக் கொண்டாராதீங்க. உங்க வீட்டு நம்பர் ஒண்ணு இருக்குமில்லீங்க? அதுல இருக்கறதை மட்டும் டாக்டர்கிட்டக் கேட்டுட்டுக் கொண்டாங்க. அதுல எத்தனை பேரு இருக்காங்கன்னு பிரிச்சுக் காட்டுங்க, பாக்கலாம்.”

டாக்டரிடம் கேட்டேன். வீட்டில் இருப்பவர்களுக்குச் சம்மதம் என்றால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கணவரும் மாமியாரும் சரி என்றார்கள். எங்கள் வீட்டு நம்பர் என்றால் கணவரின் நம்பர்தான். வேலை பார்ப்பவர்களின் குடும்பத்துக்கும் லேபில் பரிசோதனை இலவசம்; அதனால் எங்கள் மூவரின் ரத்தமும் பல வருடங்களாக அந்த ஒரு நம்பருக்குள் விழுந்து கிடந்தது. சாஃப்ட்வேருக்கு நாங்கள் ஒரே ஆள். ஒரு தடவை ஆண், ஒரு தடவை பெண், வயது ஏறும், பிறகு இறங்கும். எனக்கே வேடிக்கையாக இருந்தது.

பிரிப்பது நினைத்த அளவு சுலபமாக இல்லை. ஆணா பெண்ணா என்று பார்த்துக் கணவரை வெளியே எடுத்துவிட்டேன். பெண்கள் இரண்டு பேரை வயதை வைத்துப் பிரிக்கப் பார்த்தால், கவுன்டரில் அவசரத்தில் மாமியாரின் வயதை என் பெயருக்கும், என் வயதை மாமியார் பெயருக்கும் போட்டிருந்தார்கள். பெயரைப் பார்த்தால் அதே பெயர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எழுத்தில் இருந்தது. கடைசியில் பெயர், வயது, என்ன பரிசோதனை ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்து ஒரு குவெரி எழுதினேன். பல வாரங்களாகப் பிழை பிழை என்றே வந்துகொண்டிருந்த திரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆட்கள் தனித்தனியாக வந்து நின்றார்கள். ஆள் ஒன்று, ஆள் இரண்டு, ஆள் மூன்று. ஒவ்வொருவருக்கும் கீழே தேதிவாரியாக ஹீமோகுளோபின் அளவு, அதாவது ரத்தத்தின் சிவப்பு எவ்வளவு என்பது, வரிசையாக இறங்கியது.

“பாத்தீங்களா!” என்றாள் அவள். “ஒரு வரிகூட ரெண்டு தடவ வரலை. ஜாயின் சுத்தமா இருக்குதுங்க.”

நானும் அதைத்தான் பார்த்தேன். ஒரு வரியும் இரண்டு தடவை வரவில்லை. எவரும் விட்டுப்போகவில்லை. எனக்குக் கண்ணீர் வரும்போல இருந்தது, சமாளித்துக்கொண்டேன். நசரத்பேட்டை கவுன்டர் என்னை விட்டுக் கொஞ்ச தூரம் தள்ளிப் போய்விட்டதாகத் தோன்றியது. படியிறங்கும்போது இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நாட்களில் அடிக்கடி அப்படி நிற்க வேண்டியிருந்தது. வாரம் முழுக்க வேலை, சனி ஞாயிறும் படிப்பு, வயதும் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரின் அறையில் கூட்டம் போட்ட அன்று புதிய சாஃப்ட்வேர் கம்பெனியின் என்ஜினியரும் வந்திருந்தார். மரியாதையான பையன். லேப்டாப்பைத் திருப்பித் தன் வடிவமைப்பைக் காட்டினார். நான் பயந்தது போலவே மொபைல் நம்பர்தான் ப்ரைமரி கீ.

“யூனிக்கா இருக்கும் டாக்டர். கவுன்டர்ல வேலையும் சீக்கிரம் முடியும்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று என் காலண்டர் கட்டங்களைச் சுத்தமாக வரைந்த தாளை வைத்தேன். ஆள் வேறு, நம்பர் வேறு என்று சொன்னேன். 

“அப்ப ஒவ்வொருத்தரையும் கவுன்டர்ல ரெண்டு கேள்வி கூடக் கேக்கணும்,” என்றார் டாக்டர். “காலையில க்யூ தெருவுக்கு வந்துடும். இவ்ளோ கஷ்டம் எதுக்கு? என்ன கெட்டுப்போச்சு இப்ப?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். அதற்குத்தான் எங்கள் வீட்டு நம்பரை வைத்திருந்தேன். பழைய சாஃப்ட்வேரில் அது எப்படித் தெரிகிறது என்று முதலில் காட்டினேன்: ஒரே ஆள், ஹீமோகுளோபின் ஒரு தடவை பதினாலு, அடுத்த தடவை பத்து, மறுபடி பதினாலரை. என்ஜினியர் லேசாகச் சிரித்தார். பிறகு என் குவெரியை ஓட்டினேன். மூன்று ஆட்கள் வந்து நின்றார்கள்.

“ஆள் ஒண்ணு, ஏறக்குறைய ஒரே அளவு. ஆள் ரெண்டு, வயசானவங்க, கொஞ்சம் கம்மி, ஆனா நிலையா இருக்கு. ஆள் மூணு…” என்று நான் வாசித்துக்கொண்டே போனேன். பதினொன்றரை. பத்தேமுக்கால். ஒன்பதே முக்கால். ஒன்பது. “முன்ன எல்லாம் கலந்து கிடந்ததால இது எதுவும் தெரியலை டாக்டர். இப்ப…”

“இருங்க.” டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். “இந்த மூணாவது ஆள் யாரு?”

“சும்மா ஒரு வீட்டு நம்பர் டாக்டர். உதாரணத்துக்கு…”

“உதாரணம் இருக்கட்டும். வரிசையா இறங்கிட்டே வருதே. இவங்களைக் கூப்பிட்டுச் சொன்னீங்களா, இல்லையா?”

நான் திரையைப் பார்த்தேன். அந்த வரிசையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், இரட்டிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன், தேதி வரிசை சரியா என்று பார்த்தேன்.

“நான்தான் டாக்டர்,” என்றேன்.

டாக்டர் ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க,” என்றார் டாக்டர். நான் உட்கார்ந்தேன். “மாடி ஏறினா மூச்சு வாங்குதா?”

“வாங்குது.”

“மாசா மாசம் எத்தனை நாள் போகுது? அதிகமா போகுதா?”

என்ஜினியர் லேப்டாப்புக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டார். நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை என்பது ஒன்று. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தது இன்னொன்று. எங்கள் கவுன்டரில் உட்காரும் பெண்களுக்கெல்லாம், பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான். பதினொன்றைத் தாண்டினால் ‘உனக்கு இன்னா குறைச்சல்’ என்று கிண்டல் செய்வோம்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பெண்கள் டாக்டர் ஒருவருக்குப் போன் செய்து மறுநாளே எனக்கு நேரம் வாங்கினார். பிறகு என்ஜினியரிடம் திரும்பி, “டேபிள் எல்லாம் இவங்க சொல்ற மாதிரியே இருக்கட்டும். சந்தேகம்னா இவங்களையே கேளுங்க,” என்றார்.

அவ்வளவுதான். எத்தனையோ மாதமாக நான் காத்திருந்த வாக்கியம் அது. நசரத்பேட்டைக்கு இனி நான் போக வேண்டியதில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று அறிவு சொன்னது. வந்தது கோபம்தான். யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. பழைய சாஃப்ட்வேர்காரர் மேல் கொஞ்சம், அந்த ஞாயிற்றுக்கிழமை ‘ஜாயின் சுத்தமா இருக்குது’ என்று கொண்டாடிய எங்கள் இரண்டு பேர் மேல் நிறைய. பயமும் இருந்தது. பயத்தைவிடக் கோபம் வசதியாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன்.

டாக்டர் கையோடு ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார். கவுன்டரில் இருந்தவள் பட்டாபிராம் பெண். நான் வேலை கற்றுக்கொடுத்தவள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பில் போட்டுவிட்டாள்.

“இன்னாக்கா, சார் நம்பர்தானே? எப்பவோ போட்டுட்டேன். நீ உக்காருக்கா, முகமே வெளுத்துக் கீது.”

சாயங்காலம் ஆவடிக்கு ரயில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. அண்ணனூர் தாண்டும்போது கணவரின் போன் வந்தது. ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலை வாசலில் நின்று பேசுகிறார் என்பது பின்னால் கேட்ட வண்டிச் சத்தத்தில் தெரிந்தது. அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

“ஏம்மா, உன் ரிப்போர்ட் எனக்கு வந்திருக்கு. ஹீமோகுளோபின் எட்டேகால்னு போட்டிருக்கு. பக்கத்துல முந்தையது பதினாலரைன்னு இருக்கு. பதினாலரை எங்க, எட்டேகால் எங்க? இவ்ளோ ரத்தம் எங்கம்மா போச்சு? என்கிட்ட ஏன் சொல்லல?”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். எதிரில் இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள்.

“அந்தப் பதினாலரை நீங்க,” என்றேன். “நான் ஒருநாளும் அவ்வளவு இருந்ததில்ல.”